நன்னூல் சொன்ன ஆறு வினாவும் நம் வகுப்பறையும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது அவரும் ஆசிரியர். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கவிதைக்கும் சிறுகதைக்கும் "கலந்துரையாடல் வினாக்கள்" தயாரிக்கச் சொன்னார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்த புது முறை என்று அறிமுகம் செய்தார்களாம். "சார், நீங்க எங்ககிட்ட இப்படித்தானே கேட்பீங்க, இது புதுசா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் நீளம்தான். சாயங்கால டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நன்னூலுக்குப் போக வேண்டும். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதிய இலக்கண நூல். அதில் வினா ஆறு வகை என்று வருகிறதே, என்னிடம் படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கடைக்குப் போய் "முந்திரி இருக்கா?" என்றால் கொளல் வினா. "உன்கிட்ட நோட்டு இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றால் கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. இவை எல்லாம் சுலபம். எனக்கு எப்போதும் முக்கியமாகப் பட்டவை முதல் இரண்டும்தான். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. விடை தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு கவிதைக்குப் பொருள் கேட்கிற வினா. வினா ஒன்றுதான். ஆசிரியர் மாணவரிடம் கேட்டால் அறிவினா, மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அறியா வினா.

நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஆறு வகையையும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் வகுப்பில் அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே வகைதான். அதுவும் அறிவினா. வாத்தியாருக்கு விடை தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்கிற கேள்வி. கணக்குக்கும் அறிவியலுக்கும் அது ஓரளவு போதும். கவிதைக்கும் கதைக்கும் போதுமா?

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. தன்னோடு படிக்கிறவர்களுடன் சேர்ந்து பழகிப் பேசும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அதாவது வாத்தியார் பங்கு இருபத்தைந்து மார்க், பிள்ளைகள் தங்களுக்குள் பேசியும் சொல்லியும் சேர்ப்பது எழுபத்தைந்து. மாணவன் செய்ய வேண்டியவற்றின் பட்டியலிலும் கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் தனித்தனியாக வருகின்றன. பயிற்சி வகுப்பில் "குழுக் கற்றல்" என்று வண்ண அட்டையில் எழுதி ஒட்டுகிறோமே, அதைத்தான் இந்தப் பாயிரம் எப்போதோ சொல்லியிருக்கிறது.

விடையிலும் எட்டு வகை உண்டு. அதில் எனக்குப் பிடித்தது "வினா எதிர் வினாதல்". "நீ சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிடாமல் வருவேனா?" என்று திருப்பிக் கேட்பது. நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் இப்படிச் சொன்னால் பிரம்பு பேசும். நன்னூல் அதையும் விடை என்றே ஒப்புக்கொள்கிறது.

பழைய உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், உரை எழுதுவதே ஒரு கலந்துரையாடல்தான். இடையில் ஒருவன் எழுந்து "அப்படியானால் இது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பது போல உரைகாரரே ஒரு கேள்வியைப் போடுவார், அவரே விடையும் சொல்வார். இறையனார் களவியல் உரைக்கு ஒரு கதை சொல்வார்கள். புலவர்கள் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கு ஓர் உரை எழுதி, எது மெய்யுரை என்று சண்டை. தீர்ப்புச் சொல்ல வந்தது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளை. எந்த உரையைக் கேட்டு அந்தப் பிள்ளை கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்ததோ அதுவே மெய்யுரை என்று முடிவானது. அந்த உரை நக்கீரருடையது. கதைதான், வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1855இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தில் பிறந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய இளமைப் படிப்பில் பெரும் பகுதி நம் அரியலூர், பெரம்பலூர் மண்ணில் நடந்தது என்பது இங்கே இருக்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த "என் சரித்திரம்" நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஆதரவு கிடைத்த ஊர்களில் குடும்பத்தோடு தங்குவார். அப்படி அரியலூரில் இருந்தபோது சடகோபையங்கார் என்பவரிடம் பையன் தமிழ் படித்தான். செய்யுளை இசையோடு பாடிக் காட்டிப் பொருள் சொல்வாராம். தமிழ்ச் சுவையைத் தான் முதலில் கண்டது அவரிடம்தான் என்று உ.வே.சா. நன்றியோடு சொல்கிறார்.

பிறகு குன்னத்தில் வாசம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. ரெட்டியார் விவசாயக் குடும்பத்துப் பெரியவர், கரைகாணாத தமிழறிவு. இவ்வளவு ஆசையோடு படிக்கிறாயே, நீ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று வழிகாட்டியவரும் அவரே. குன்னமும் செங்கணமும் இன்றைக்கு நாம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டே கடந்து போகிற ஊர்கள். பள்ளிக்கூடம், பாடப்புத்தகம், அட்டவணை ஏதும் இல்லாமல், ஒரு நூல் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பமே போய்த் தங்கிப் படித்திருக்கிறார்கள். என் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், "நீட் கோச்சிங்குக்கு நாமக்கல் போறது மாதிரியா மாமா?" என்கிறார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் ரேங்க் கிடையாது.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவானைப் பார்த்தபோது அவர் பையனைச் சோதித்த விதமும் கவனிக்கத்தக்கது. நைடதத்தில் ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னார், பொருளும் சொல்லச் சொன்னார். பாடம் ஒப்பித்தல், பொருள் சொல்லுதல். சுத்தமான அறிவினா. அந்த முறையில் உருவானவர்தான் உ.வே.சா. ஆகவே மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நெஞ்சில் பாட்டு இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். புத்தகத்தைப் பார்த்துத்தான் ஒரு வரியைச் சொல்ல முடியும் என்கிற பிள்ளையோடு என்ன கலந்துரையாடுவது?

ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது வேறு வகைக் கேள்வி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே ஆண்டு அக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்குகிறார். அடுக்க அடுக்க எதிரில் இருப்பவர் முகத்தில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்ததால் என்ன பயன் என்கிறார் முதலியார். சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். மகாவித்துவானின் மாணவர், கல்லூரி ஆசிரியர், இருபத்தைந்து வயது. எப்படி இருந்திருக்கும்!

முதலியார் மட்டம் தட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அடுத்துச் சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். பாடம் சொல்கிறவருக்கே நூல் புதிது. கேட்கிறவருக்கும் விடை தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது. சைவ மடத்தில் படித்து வளர்ந்தவர், சமண நூல் என்பதால் கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போய் ஐயம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அடுத்து பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஓர் அறியா வினாவில் தொடங்கியது இத்தனையும்.

அப்புறம் ஏன் வகுப்பறையில் அறிவினா மட்டும் தங்கியது? திண்ணைப் பள்ளியிலேயே ஒப்பித்தல் இருந்தது. சட்டாம்பிள்ளை முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளை சொல்லிக்கொடுக்கிற இந்த ஏற்பாடும், மணலில் எழுதுவதும் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியாருக்குப் பிடித்துப்போய், 1790களில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்கே "மெட்ராஸ் முறை" என்று கொண்டுபோனார். ஆக, நாம் ஏற்றுமதி செய்ததும் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, அதன் பின்னே பெருந்தேர்வுகள் வந்தன. பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தருகிற முறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தது. மானியம் முடிவைப் பொறுத்தது என்றால், எந்த வாத்தியார் தனக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்பார்? திருத்துகிறவருக்கு ஒரே விடை வேண்டும். பதவுரை, பொழிப்புரை, "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" எல்லாம் இந்தத் தேவைக்கு நன்றாகப் பொருந்தின.

திருச்சி புனித வளனார் கல்லூரிப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட "கோனார் தமிழ் உரை"யைச் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவில், விளக்கம் சொல்ல ஆளில்லாமல் படித்த பிள்ளைக்கு அந்த உரைதான் படித்த தாத்தா. உரையை வாங்கிக் கொடுத்துவிட்டு நம் வேலை முடிந்தது என்று வகுப்பு நினைத்துக்கொண்டால், அதற்கு உரையாசிரியர் என்ன செய்வார்?

சிறுகதையின் நிலைமை இன்னும் பரிதாபம். வ.வே.சு. ஐயரின் "குளத்தங்கரை அரசமரம்" 1915இல் வந்தது. தமிழின் முதல் சிறுகதை அதுதானா என்று இன்றைக்கும் வாதம் உண்டு. கதையைச் சொல்வது ஓர் அரசமரம். ஏன் மரம் சொல்ல வேண்டும், அந்த வீட்டு மனிதர் யாராவது சொல்லக்கூடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பாடவேளையை ஓட்டலாம். ஆனால் பள்ளியில் கதை என்றால் துணைப்பாடம், துணைப்பாடம் என்றால் "கதையைச் சுருக்கி எழுதுக". சுருக்கினால் போகிறது எதுவோ அதுதான் கதை. இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

வெளியுலகத்திலும் இதே தவிப்பு இருந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். அவர்கள் தடுமாறிய தடுமாற்றங்களை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அம்மையார் 1938இல் எழுதிய நூலில், வாசிக்கிறவரும் சேர்ந்துதான் கவிதையின் பொருள் உண்டாகிறது என்றார். 1947இல் சிகாகோவில் தொடங்கிய ஓர் அமைப்பு, பொதுமக்கள் கூடி நூல்களைப் பற்றிப் பேசுவதற்கு வழி செய்தது. அங்கே கலந்துரையாடலை நடத்துகிறவருக்கு ஒரு விதி உண்டு: உனக்கே முடிவான விடை தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும். படித்தபோது சிரித்துவிட்டேன். அறியா வினா! அதே காலத்தில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் "வட்டத்தொட்டி" கூடிக்கொண்டிருந்தது. கம்பனில் ஒரு பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்துப் பேசுவார்கள். தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து 1984இல் வேலையில் சேர்ந்தேன். ஒரே வட்டாரத்தில்தான் பணி. ஆனால் திருச்சி மாவட்டம், பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் மாவட்டம், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர் என்று 2007க்குள் எங்கள் முகவரி மட்டும் நான்கு தடவை மாறியது. பாடமுறையும் அப்படியே மாறி மாறி வந்தது. பயிற்சியில் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியரின் ஐந்து படிகள். பிறகு செயல்வழிக் கற்றல், நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி, மன வரைபடம். பிறகு சமச்சீர், முப்பருவம். 2018இல் வந்த புதிய புத்தகங்களை மனதாரப் பாராட்டுவேன். "சிந்தனை வினா" என்று பாடத்தின் கடைசியில் ஒன்று வைத்தார்கள். அதற்கும் கடையில் விடைப்புத்தகம் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எட்டாம் வகுப்பில் "படை வேழம்" வரும். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணிப் பகுதி. எடுத்தவுடன் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், "சார், இவரு நம்ம ஊரா?" நம் ஊர்ப் பெயர் சோழரின் "ஜயங்கொண்ட சோழன்" என்ற பட்டத்திலிருந்து வந்தது, புலவரின் ஊர் தீபங்குடி என்பார்கள் என்று சொல்வேன். முகம் வாடிவிடும். பரவாயில்லை, அவர் பாடிய குலோத்துங்கனின் தலைநகரம் கங்கைகொண்டசோழபுரம், நீ சைக்கிளில் போகிற தூரம் என்றால் மறுபடி மலரும்.

பாட்டில் கலிங்க வீரர்கள் சோழர் படைக்கு அஞ்சி ஓடுகிறார்கள். சிலர் கடலில் விழுகிறார்கள், சிலர் யானைகளுக்குப் பின்னால் மறைகிறார்கள், சிலர் குகை தேடுகிறார்கள், தன் நிழலுக்கே அஞ்சுகிறார்கள். புத்தகத்துக் கேள்வி, அவர்கள் எவ்வாறு ஓடினர் என்பது. அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நான் கேட்பது: தன் நிழலைப் பார்த்துப் பயந்தவர்கள் கை தூக்குங்கள். நாற்பது கையும் மேலே போகும். முந்திரிக் காட்டு வழியாக இருட்டில் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள், அவர்களுக்கா தெரியாது? பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

ஒரு வருடம், முதல் பெஞ்சிலும் சேராமல் கடைசி பெஞ்சிலும் சேராமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எழுந்தாள். அப்பா வெளிநாட்டில், அம்மா தறி. அதுவரை அவள் தானாக எழுந்து நான் பார்த்ததில்லை. "சார், புலவர் ஓடுறவங்களப் பார்த்து சிரிக்கிறாரா, பாவப்படுறாரா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சிரிக்கிறார் என்றது ஒரு கட்சி. தப்பித்த வீரர்கள் சமணத் துறவி மாதிரியும், வேதியர் மாதிரியும், பாணர் மாதிரியும் வேடம் போட்டுக்கொள்வதாக நூலில் பின்னால் வருவதைச் சொன்னேன், அந்தக் கட்சிக்கு பலம் கூடியது. பாவம் இல்லாவிட்டால் நிழலுக்குப் பயந்ததை ஏன் எழுத வேண்டும் என்றது இன்னொரு கட்சி. ஒரு பையன், "அரசருக்கு எதிரில பாடணும்னா சிரிச்சுத்தானே ஆகணும்?" என்றான். பதின்மூன்று வயது! அப்போதுதான் இன்னொரு செய்தியையும் சொன்னேன். பரணியில் இந்தப் போரைக் காளிக்கு எடுத்துச் சொல்வது வீரனோ புலவனோ இல்லை, ஒரு பேய். பசியோடு இருக்கிற பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். ஜெயித்த அரசனின் கதையைப் பேய் வாயால் ஏன் சொல்ல வைத்தார்? மணி அடித்துவிட்டது. மறுநாள் அந்தப் பெண் வந்து, "பேய்க்குத்தான் சார் ரெண்டு பக்கமும் ஒண்ணு" என்றாள்.

எந்த உரையிலும் நான் படிக்காத விடை. சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வருடக் கடைசிவரை அவள் வகுப்பில் பேசினாள்.

எட்டாம் வகுப்பில் பரணி படித்தவர்கள், படிக்கிற பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், பேய் ஏன் என்பதற்கு உங்கள் விடையையும் எழுதுங்கள். தைரியமாக எழுதலாம். சிவப்பு மைப் பேனாவைப் பணி ஓய்வு அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.